சாலை முதலில், சபை அப்புறம்: ஜீவகாருண்யம் பற்றிச் சில கேள்விகள், என் பதில்கள்

வடலூர்ப் பக்கத்துக்காரி நான். வள்ளலார் பெயரில் நடக்கிற ஒரு சின்ன அன்னதானக் குழுவில் பல வருஷமாக அடுப்படிப் பொறுப்பு என்னுடையது. கருணை, தியானம், மன நிம்மதி பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்றதற்கு இத்தனை கேள்வி வந்து குவியும் என்று எதிர்பார்க்கவில்லை. ஜாதகம், வைத்தியம் இரண்டும் எனக்குத் தெரியாது, கேட்காதீர்கள்.

சென்னையில் ஐடி வேலை, வயது 34. சம்பளம், வீடு எல்லாம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எதற்காக வாழ்கிறேன் என்று ஒரு வெறுமை. தியானம் கற்றுக்கொண்டால் சந்தோஷம் வருமா அக்கா?

வரலாம் தம்பி. ஆனால் நீங்கள் ஆரம்பிக்கிற இடம் வேறு, வள்ளலார் ஆரம்பித்த இடம் வேறு. வரிசையைப் பாருங்கள். பசித்தவர்களுக்குச் சோறு போடுகிற சத்திய தருமச்சாலை தொடங்கியது 1867 மே 23. ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை திறந்தது 1872 தைப்பூசத்தில். பார்வதிபுரத்து ஜனங்கள் நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் ஜோதி தரிசனத்துக்கு இடம் திறப்பதற்கு ஏறக்குறைய ஐந்து வருஷம் முன்னாலேயே அடுப்பை மூட்டிவிட்டார் மனிதர். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, போய்ப் பார்க்கலாம்.

உயிர்கள் மேல் காட்டுகிற இரக்கத்தைப் பற்றி அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூல் உரைநடைதான், தைரியமாகப் படிக்கலாம். பசி வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கும் என்று அதில் ஓர் இடம் வரும்: கண் பஞ்சடைந்து குழிவது, காது அடைப்பது, நாக்கு வறள்வது, கை கால் துவள்வது என்று ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்த்து எழுதுவது போல வரிசையாக எழுதியிருப்பார். கொஞ்சம் தள்ளிப் போனால் சாப்பாடு உள்ளே போனதும் என்ன நடக்கும் என்று வரும். சாப்பிட்டவர் முகத்தில் ஓர் இன்பம் பொங்கும், அதைப் பார்த்துக் கொடுத்தவர் முகத்திலும் உள்ளத்திலும் ஓர் இன்பம் பொங்கும், அது கடவுள் இன்பம் என்கிறார். நீங்கள் தேடுகிற சந்தோஷத்தை அவர் வைத்திருக்கிற இடம் அதுதான்.

பரிமாறிப் பார்த்தால்தான் இது தெரியும். பசியோடு உட்கார்ந்தவர் முதல் நாலைந்து வாய்க்கு உங்களைப் பார்க்கவே மாட்டார், கை மட்டும் வேலை செய்யும். அப்புறம் வேகம் குறையும், தோள் இறங்கும், தலை நிமிரும், "ஊறுகாய் இருக்காம்மா?" என்பார். ருசி கேட்கிற அளவுக்கு ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். நன்றி சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், பல பேர் சொல்ல மாட்டார்கள். ஊறுகாய் கேட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்கிறீர்கள். அன்றைக்கு மத்தியானம் எங்காவது பந்தியில் நில்லுங்கள். தியானத்தை ஆறு மாதம் கழித்துப் பேசலாம்.

எத்தனை நாளில் மன அமைதி கிடைக்கும்?

தெரியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அருட்பெருஞ்ஜோதி மந்திரத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்ல வேண்டும்? 108 போதுமா?

அதிலேயே "தனிப்பெருங்கருணை" என்று வருகிறது. அது மனதில் படுகிற மாதிரி சொல்ல முடிந்தால் ஒரு தடவை போதும். எண்ணிக்கை உங்கள் விருப்பம்.

எனக்கு யாரைப் பார்த்தாலும் இரக்கம் வருவதில்லை. சிக்னலில் கை நீட்டினால் எரிச்சல்தான் வருகிறது. நான் கெட்டவனா?

மனசைக் குடைகிற கேள்வியைப் போட்டு உடைத்துக் கேட்டிருக்கிறீர்கள். வள்ளலாரும் இதை எடுத்துப் பேசியிருக்கிறார். உயிர்கள் எல்லாம் சகோதரர்கள் என்றால், ஒரு சகோதரன் துன்பப்படும்போது இன்னொருவனுக்கு ஏன் இரக்கம் வருவதில்லை என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்கிறார். ஆன்ம அறிவு என்கிற கண்ணில் அஞ்ஞானம் என்கிற காசம் (கண் படலம்) படர்ந்து ஒளி மழுங்கியிருக்கிறது, அந்தக் கண்ணுக்கு உதவ வேண்டிய மனம் முதலான கண்ணாடிகளும் தடித்துப் போயிருக்கின்றன, அதனால் சகோதரனை அடையாளம் தெரியவில்லை என்கிறார். பார்வை மங்கிவிட்டது என்கிறாரே தவிர, கெட்டவன் என்று ஒதுக்கவில்லை. எனக்கு இந்த மனிதர் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு இந்த இடமும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது: சிக்னலை விட்டுவிடுங்கள், அங்கே நிதானம் வராது. ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் தினமும் பார்க்கிற ஒருவர், பேர் கேளுங்கள், என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். இரக்கம் வந்த பிறகுதான் கொடுப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். கொடுக்கக் கொடுக்க இரக்கம் வருகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை, இன்றைக்கு இன்னொரு தடவையும் சொல்வேன்: சாப்பிடுகிறவரைப் போட்டோ எடுக்காதீர்கள். பொட்டலத்தை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

என் கணவர் சம்பளத்தில் பாதியைத் தானதர்மம் என்று கொடுத்துவிடுகிறார். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் பாக்கி. கேட்டால் வள்ளலார் சொன்னார் என்கிறார்.

சொல்லவே இல்லை அம்மா. பெற்றவர், மனைவி, பிள்ளை என்று தன்னை நம்பியிருக்கிறவர்களைப் பசியில் விட்டுவிட்டு அயலாருக்குக் கொடுப்பதை வள்ளலார் ஒப்புக்கொள்ளவில்லை. குடும்பத்தை அவரவர் தரத்துக்குத் தக்கபடி கவனித்துக்கொண்டு, சிக்கனம் செய்து மிச்சம் பிடித்து அயலாருக்குக் கொடு என்பதுதான் அவர் வழி. வீட்டுக்காரர் கையில் அந்தப் புத்தகத்தையே கொடுத்து அந்தப் பகுதியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஃபீஸை முதலில் கட்டுங்கள்.

கரிசலாங்கண்ணிப் பொடி எந்தக் கடையில் சுத்தமாகக் கிடைக்கும்? வள்ளலார் தினமும் சாப்பிடச் சொன்னாராமே.

கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் எல்லாம் சொல்லியிருக்கிறார், உண்மைதான். உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்று சித்த வைத்தியரைக் கேளுங்கள்.

மலேசியா, கிள்ளான். எங்கள் பக்கம் பட்டினி என்று பெரிதாக யாரும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?

நன்றாகத் தேடுங்கள், இருப்பார்கள். தோட்டம் மூடிப்போய் டவுனுக்கு வந்து வீட்டுக்குள்ளேயே முடங்கின பெரியவர்கள், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் வெறும் ரொட்டியில் காலம் தள்ளுகிற வெளிநாட்டுத் தொழிலாளிகள். அப்புறம் வள்ளலார் பசியோடு நிறுத்தவில்லை. உயிர்களுக்கு வரும் துன்பங்கள் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை (வறுமை), பயம், கொலை என்று ஏழு சொல்கிறார். பசியும் கொலையும் முதன்மை, மற்றவை அதற்கடுத்தபடி. பயத்தில் இருக்கிற ஒருவரோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நான் மட்டன் சாப்பிடுகிறவன். அன்னதானத்தில் பரிமாற வரலாமா?

வாருங்கள். கை கழுவிவிட்டு வாருங்கள்.

(இதற்குச் சிதம்பரத்து ஐயா ஒருவர்: புலால் உண்பவர் கை பட்டால் அது அன்னதானமே இல்லை. உயிர்க்கொலையும் புலைப்பொசிப்பும் (புலால் உண்பதும்) உடையவர்கள் புற இனத்தார் என்று வள்ளலாரே பாடியிருக்கிறார், நீங்கள் மறைக்கிறீர்கள்.)

மறைக்கவில்லை ஐயா. பாடியிருக்கிறார். ஞானசபை வாசலிலும் கொலை, புலை தவிர்த்தவர்தான் உள்ளே போகலாம் என்று எழுதியிருக்கிறது. அதை நான் மாற்றவும் முடியாது, மாற்ற ஆசையும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன பாட்டு அங்கேயே முடியவில்லையே? அவர்களுக்கும் பசியைத் தவிர்த்துவிடு என்று சேர்த்துத்தானே பாடுகிறார். சபைக்கு நிபந்தனை வைத்தார், சாலையில் இலை போடும்போது நேற்று என்ன தின்றாய் என்று யாரையும் கேட்கவில்லை. எங்கள் பந்தி சாலையைச் சேர்ந்தது.

(கடலூர்த் தம்பி: எங்கள் குடும்பத் தொழிலே மீன்பிடிப்பது. அப்படியானால் எங்களுக்குக் கருணையே இல்லையா? சைவம் என்று சொல்லிக்கொண்டு சாதி பார்க்கிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.)

இரண்டு விஷயம் தம்பி. முதலாவது, உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக வள்ளலாரை வளைத்துப் பேச மாட்டேன். உயிர்க்கொலை கூடாது என்பதில் அவர் அசையவே இல்லை. நானும் மீன் சாப்பிடுவதில்லை. இரண்டாவது, சைவச் சாப்பாட்டைச் சாதிக்கு வேலியாக வைக்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லக்கூடாது. சாதியும் மதமும் சமயமும் பொய் என்று தன் அருட்பெருஞ்ஜோதி அகவல் பாட்டிலேயே சொன்னவர் அவர். வாடிய பயிரைக் கண்டு வாடினேன் என்பதை எல்லோரும் சொல்வார்கள், அதற்கடுத்த வரியைச் சொல்ல மாட்டார்கள். வீடு வீடாகப் பிச்சை கேட்டும் பசி தீராமல் அயர்ந்தவர்களைக் கண்டு உள்ளம் பதைத்தேன் என்கிறார். கதவைச் சாத்தின வீடுகளும் அந்த வரிக்குள் இருக்கின்றன.

புயல் நாளில் பொட்டலங்களைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது கடற்கரைப் பிள்ளைகளின் படகு. அந்தப் பொட்டலம் அன்னதானம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

(சிதம்பரத்து ஐயா மறுபடியும்: உணர்ச்சியைப் பேசி ஒழுக்கத்தைக் குறைக்கிறீர்கள். இப்படித்தான் வள்ளலார் காட்டிய சன்மார்க்கம் கெட்டது.)

ஒழுக்கத்தைக் குறைக்கவில்லை. எந்த வாசலில் எந்த நிபந்தனை என்று பிரித்துச் சொல்கிறேன். சும்மா சொல்லவில்லை, என் கண் முன்னால் சிலர் பரிமாற வந்து, வருஷம் போகப் போகத் தாங்களாகவே புலாலை விட்டிருக்கிறார்கள், யாரும் வாசலில் நிறுத்திப் பாடம் எடுக்கவில்லை. விடாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் சாம்பார் வாளி தூக்குகிறார்கள். இதைப் பற்றி இன்னும் ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பேர் திட்டியும் இருக்கிறீர்கள். என் பதில் இவ்வளவுதான்.

மரணமிலாப் பெருவாழ்வுப் பயிற்சி, மூன்று நாள் முகாம், 15,000 ரூபாய் என்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். சாலையில் ஒருவேளைச் சோற்றுக்கே காசு வாங்காத மனிதரின் பெயரில் சாகாமல் இருப்பதற்கு ரசீது போடுகிறார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தினமும் தியானம் செய்தால் எத்தனை நாளில் பலன் தெரியும்?

மேலே சொல்லிவிட்டேன்.

கடவுள் நம்பிக்கை இல்லை. கருணை மட்டும் போதாதா? உதவி செய்தால் சந்தோஷம் வரும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா?

சாப்பிடுகிறவருக்கு உங்கள் நம்பிக்கை தேவையில்லை. வள்ளலாரும் ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்றவர்தான், அதனால் நீங்கள் செய்வதை நான் வழிபாடு என்று நினைத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானம் என் துறை இல்லை. 2008ல் எலிசபெத் டன் என்பவரும் கூட இரண்டு பேரும் கனடாவில் ஒரு சோதனை செய்து சயின்ஸ் இதழில் எழுதினார்கள். சிலருக்குக் காலையில் 5 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கே செலவழிக்கச் சொன்னார்கள், பாதிப் பேரை மற்றவர்களுக்கு. சாயங்காலம் கேட்டபோது மற்றவர்களுக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். தொகை சின்னதா பெரிதா என்பதில் வித்தியாசம் இல்லை. மேற்கொண்டு வேண்டுமென்றால் மனவியல் படித்தவர்களைக் கேளுங்கள்.

மூன்று வருஷமாக ஆஸ்பத்திரி வாசலில் உணவு கொடுக்கிறோம். இப்போது வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தாலே கோபம் வருகிறது. இரண்டாவது தடவை வந்து வாங்குகிறார்கள், குறை சொல்கிறார்கள், திட்டுகிறார்கள். விட்டுவிடலாமா?

விட வேண்டாம், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பரிமாறுகிற இடம்தான் ஆளை அதிகமாகத் தேய்க்கும். ஒரு மாதம் பாத்திரம் கழுவப் போங்கள், அல்லது மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கி வாருங்கள். ஒரு வாரம் விடுப்பு எடுங்கள், உலகம் நின்றுவிடாது. பசியோடு பரிமாறாதீர்கள், கோபத்துக்குப் பாதிக் காரணம் உங்கள் வயிறாக இருக்கும். முடிந்தால் நீங்களும் அதே வரிசையில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுங்கள். சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொன்னது குறையா, உண்மையா என்று அப்போது தெரிந்துவிடும். இரண்டாவது தடவை வாங்குகிறவர் வார்டில் படுத்திருக்கிற ஒருவருக்காக வாங்கலாம், ராத்திரிக்கு எடுத்து வைக்கலாம், விசாரணை வேண்டாம்.

தியானம் தியானம் என்று காலையிலிருந்து கேட்டீர்களே, அதற்கான ஆள் இவர்தான். அடுப்படியில் களைத்துப்போனவருக்குத்தான் உட்காருவது எதற்கு என்று புரியும். 1873ல் வடலூருக்குப் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் உள்ளே இருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, இதை வழிபட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விடிவதற்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றி அதன் முன் சும்மா உட்காருங்கள். நேற்று உங்களைத் திட்டினவர் முகம் வரும், வரட்டும், பதில் சொல்லாதீர்கள், விளக்கைப் பாருங்கள். கோபம் தணிகிற நாளும் இருக்கும், தணியாத நாளும் இருக்கும். தணியாத நாளில் கழுவுகிற பக்கம் போய்விடுங்கள்.

தைப்பூசத்துக்கு வடலூர் வரலாமா? ஞானசபையில் ஜோதிக்கு முன்னால் இருக்கிற ஏழு திரையும் நீக்கிக் காட்டுவார்களா?

ஆமாம், தைப்பூசத்தில் ஏழும். மாதா மாதம் பூச நட்சத்திரத்தில் வரும் மாதப் பூசத்தில் ஆறு. கூட்டம் தாங்காது, குழந்தையோடு வருவதாக இருந்தால் மாதப் பூசத்துக்கு வாருங்கள், ரயிலும் வடலூரில் நிற்கும். சாலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

எத்தனை நாளில்...

ஐயா!

முதல் கேள்வி கேட்ட சென்னைக்காரன்தான் அக்கா. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழுவுக்கே வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

அரிசி, பருப்பு இருக்கிறது. நல்லெண்ணெயும் பெருங்காயமும் தீர்ந்துவிட்டன, முடிந்தால் வாங்கி வாருங்கள். காலை ஆறு மணிக்குக் காய் நறுக்கத் தொடங்குவோம், அதனால் சனிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிவிடுங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சாம்பார்க் கறை போகாது.