இரண்டு படம், ஒரே ஆள்

அன்புள்ள சார்,

புனேயில் வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் பாலகந்தர்வ ரங்கமந்திருக்கு நாடகம் பார்க்க அழைத்துப் போனார். மராத்தி பாதிதான் புரிந்தது. அங்கே இரண்டு பெரிய ஓவியங்கள் இருந்தன. ஒன்றில் ஓர் ஆண், இன்னொன்றில் நகையும் புடவையுமாக ஒரு பெண். கணவன் மனைவி என்று நினைத்தேன். நண்பர் சிரித்துவிட்டு, இரண்டும் ஒரே ஆள் என்றார். பெற்ற குழந்தை செத்த அன்றைக்கும் வேடம் கட்டி ஆடியவர் என்று பெருமையாக வேறு சொன்னார். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. பெண் வேடம் போட்ட ஒருவருக்கு ஏன் இத்தனை மரியாதை? நிஜமாகவே பெரிய நடிகரா, இல்லை பழசு என்பதால் வந்த மவுசா?

ர., புனே

அன்புள்ள ர.,

நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரை மேடையில் பார்த்த தலைமுறையும் தெரிந்தே ஏமாந்ததுதான். அந்த ஓவியங்களை வரைந்தவர் கோபால் தேவுஸ்கர்.

ஆளின் பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜ்ஹன்ஸ். பிறந்தது 1888. பத்து வயதுப் பையனாக இருந்தபோது அவன் பாட்டைக் கேட்ட திலகர் 'பால கந்தர்வன்' என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குடும்பப் பெண்கள் மேடையேறாத காலம், பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். கிர்லோஸ்கர் நாடக மண்டலியின் பெரிய பாடகரான பாவ்ராவ் கோல்ஹட்கர் 1901இல் இறந்துபோக, அந்த இடம் காலியாகவே கிடந்தது. 1905இல் நாராயண் அங்கே சேர்ந்தார். முதல் வேடம் சகுந்தலை.

குழந்தை செத்த கதைக்கு வருவோம். அது நடந்தது 1911 மார்ச்சில், மும்பையில், காடில்கர் எழுதிய 'மானாபமான்' நாடகத்தின் முதல் காட்சி அன்று. அவருக்கு அப்போது 22 வயது. உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்றைக்கு அவர் போட்ட பாமினி வேடம் அழுகிற வேடம் கிடையாது. பணக்கார வீட்டுச் செல்லப் பெண், ஏழைப் படைவீரனை வேண்டாம் என்று முகம் திருப்பிவிட்டு, அப்புறம் அவனிடமே மனதைப் பறிகொடுப்பவள். குழந்தையைப் பறிகொடுத்த நாளில் குறும்பும் கொஞ்சலுமாகப் பாட வேண்டியிருந்தது. இதைத் தியாகம் என்று கைதட்ட எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பொழுதில் கம்பெனியை நம்பியிருந்த குடும்பங்களும், டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஜனமும் அவர் கண்ணில் பட்டிருக்கும். ரசிகர்களை 'மாய்பாப்' என்பார். அம்மா, அப்பா என்று அர்த்தம். இந்தக் கதையை வைத்து அவரை அளக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பாட்டை வைத்து அளக்கலாம். 'ஸ்வயம்வர்' நாடகத்தில் ருக்மிணி பாடும் 'நாத ஹா மாஜா' என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள். பழைய இசைத்தட்டு, மூன்று நிமிடம்தான், கரகரவென்று இரைச்சல். ராகம் யமன், நம் கல்யாணிக்கு நெருங்கிய சொந்தம். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆண் குரலாகவும் இல்லை, பெண் குரலாகவும் இல்லை. நாலைந்து தடவை கேட்டபின்தான் பிடிபட்டது. அவர் பெண் குரலில் பேச முயலவே இல்லை. 'நாத', அதாவது நாதன், என்ற சொல்லைத் தொடும்போது குரலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். சொல்ல வெட்கப்படுகிறவள் சொல்லியும் விடுகிற மாதிரி. வேடம் அந்த இழுப்பில் இருக்கிறது. இதற்கெல்லாம் மெட்டமைத்தவர் அவருடைய குரு பாஸ்கர்புவா பக்லே. மேடையில் இதே பாட்டு மூன்று நிமிடத்தில் முடியாது. 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவார்கள் (ஆமாம், நம் ஊர்க் கொட்டகையில் கேட்ட அதே சொல்தான்). ருக்மிணியும் கதையை நிறுத்திவிட்டு மறுபடி பாடுவாள். கீழே தபலாவில் மேதை அகமத் ஜான் திரக்வா! இன்றைக்கு யாருக்குக் கிடைக்கும்?

புடவை விஷயமும் சொல்ல வேண்டும். 1913இல் சொந்தமாக கந்தர்வ நாடக மண்டலி தொடங்கியபின் கைக்குக் கணக்கே இல்லை. அசல் பட்டு, அசல் அத்தர். அவர் புடவை கட்டுகிற விதத்தையும் பூ வைக்கிற விதத்தையும் பார்த்து, புனே, மும்பை வீட்டுப் பெண்கள் அதே மாதிரி கட்டிக்கொண்டார்கள். ஓர் ஆண் கற்பனை செய்த பெண்ணைப் பெண்கள் எடுத்து உடுத்தினார்கள்.

அந்த மனிதர் 1919இல் 'ஏகச் பியாலா'வில் சிந்துவாக வந்தார். 'ஒரே ஒரு கோப்பை' என்று பெயர். எழுதிய ராம் கணேஷ் கட்கரி அரங்கேற்றத்தைப் பார்க்காமலே ஒரு மாதம் முன்பு இறந்துபோனார். புருஷன் சுதாகர் வக்கீல். ஒரே ஒரு கோப்பை என்று தொடங்கி எல்லாவற்றையும் குடித்துத் தீர்க்கிறான். சிந்து கந்தலைச் சுற்றிக்கொண்டு கூலிக்கு மாவு அரைக்கிறாள். நேற்றுவரை பட்டில் பார்த்தவரை ஜனம் கிழிசலில் பார்த்தது. கடைசியில் அவன் கையால் குழந்தை சாகிறது, அவளும் அடிபட்டுச் சாகக் கிடக்கிறாள். போலீஸ் வந்து கேட்டால், தானே விழுந்துவிட்டதாகப் பொய் சொல்லிப் புருஷனைக் காப்பாற்றுகிறாள். இன்றைக்குப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இருந்தாலும் 'இந்தப் பாதங்களை எப்படி விடுவேன்' என்கிற அவருடைய பாட்டைக் கேட்டால் எரிச்சல் நிற்பதில்லை. பெரிய நடிகரா என்று கேட்டீர்களே, பட்டும் அத்தரும் இல்லாத இந்த வேடத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.

மிச்சம் இறக்கம். கடன் தலைக்கு மேல் போனது; யாரிடமும் தானம் வாங்க மாட்டேன் என்று நாடகம் போட்டே அடைத்தார். பேசும் படம் வந்ததும் கொட்டகை காலியானது. 1935இல் இயக்குநர் சாந்தாராமின் படத்தில் பக்திக் கவி ஏக்நாத்தாக, ஆண் வேடத்தில், நடித்தார், ஜனத்துக்கு ஒட்டவில்லை. அவர் பாணியிலேயே பாடிய கோஹர்பாய் என்ற பாடகி கம்பெனிக்கு வந்தபோது பழைய ஆட்கள் பலர் விலகினார்கள். பின்னால் அவரையே மணந்துகொண்டார். வயதும் உடம்பும் ஏறியபின்னும் பாலகந்தர்வர் இளம் நாயகியாகவே மேடையேறினார். அது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. பிறகு கால்கள் செயலிழந்தன. 1964இல் பத்மபூஷண். 1967 ஜூலையில் புனேயில் இறந்தார்.

நீங்கள் உட்கார்ந்து நாடகம் பார்த்த அந்த அரங்குக்கு 1962இல் அடிக்கல் நாட்டியவர் அவரேதான். திறந்தது 1968 ஜூன் 26, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். அப்போது அவர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடுத்த தடவை போகும்போது அந்த இரண்டு படங்களையும் இன்னொரு முறை பாருங்கள். நாடகம் தொடங்கக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். இடைவேளையில் கூட்டம் மறைத்துவிடும்.