‘டெமியன்’ நாலாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டால்

கேள்வி: உப்புவெளியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘டெமியன்’ நாவலை வாசிக்கிறோம். முதல் மூன்று அத்தியாயமும் கெதியாகப் போயின. நாலாவதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. முட்டை, பறவை, அப்ரக்ஸாஸ் என்று பொருள் தேடியே களைத்துவிட்டோம். எப்படித் தொடர்வது?
– வாசகி, திருகோணமலை

பதில்: நன்மையும் தீமையும் சேர்ந்த கடவுளாக நாவலில் வரும் அப்ரக்ஸாஸ் இப்போதைக்கு இருக்கட்டும். முதலாம் அத்தியாயத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். கதை நாயகனான பத்து வயதுச் சிங்க்ளேயர், தான் ஆப்பிள் திருடியதாகப் பொய்ப் பெருமை பேசுகிறான். அதை வைத்து, குரோமர் என்ற முரட்டுப் பையன் 2 மார்க் கேட்டு மிரட்ட, உண்டியலை உடைக்கிறான். கிடைத்தது 65 பெனிக், ஒரு மார்க்குக்கும் குறைவு. சொந்தக் காசுதான், ஆனாலும் இப்போதுதான் திருடினோம் என்று அவனுக்கு நெஞ்சு உறுத்துகிறது. நாவலின் அறக்கேள்வி முழுக்க இந்த இடத்தில் இருக்கிறது. இதை ஆறுதலாகப் பேசாமல் தாண்டினால் பின்னால் வருவதெல்லாம் வெறும் தத்துவமாகத்தான் படும்.

நாலாவதிலிருந்து சம்பவம் குறைந்து கதை அவனுக்குள்ளே போகிறது. அங்கே பிடித்துக்கொள்ள ஒரு நூல் உண்டு: முகம். பியாட்ரிஸ் என்று தானே பெயர் வைத்த பெண்ணை வரையப் பார்க்கிறான். கடைசியில் தாளில் வந்த முகம் அவனுடைய மூத்த பள்ளித் தோழன் டெமியனைப் போலிருக்கிறது, பிறகு தன்னையே போலிருக்கிறது. முகம் வரும் இடங்களை மட்டும் ஒரு தாளில் பக்க எண்ணோடு குறித்து வாருங்கள். கடைசிப் பக்கத்துக் கண்ணாடி வரை அது கொண்டுபோகும். 1919இல் ஹெஸ்ஸே தன் பெயரை மறைத்து, கதைசொல்லியான எமில் சிங்க்ளேயரின் பெயரிலேயே நூலை வெளியிட்டதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

மூலமான பைபிள் கதை தெரியாவிட்டால் டெமியன் அதை எங்கே புரட்டிப் போடுகிறான் என்பது தெரியாது. ஆகவே இரண்டாம் அத்தியாயத்துக்கு முன் ஆதியாகமம் 4, மூன்றாவதுக்கு முன் லூக்கா 23, ஆறாவதுக்கு முன் ஆதியாகமம் 32 வாசியுங்கள். பைபிளில், தம்பி ஆபேலைக் கொன்ற காயீன்மேல் கடவுள் இட்ட அடையாளம் யாரும் அவனைக் கொல்லாதிருக்கத்தான். டெமியனோ அந்த அடையாளத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் கட்டிய கதை அது என்கிறான். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நண்பர்கள் இருந்தால் காயீன், ஆபேல் கதையின் இஸ்லாமிய வடிவமான காபீல், ஹாபீல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். குர்ஆன் 5ஆம் அத்தியாயத்தில் காகம் மண்ணைக் கிளறி, உடலை மறைக்கும் விதத்தைக் காட்டுகிறது. ஆதியாகமத்தில் அது இல்லை.

டெமியன் சொல்வதையெல்லாம் ஹெஸ்ஸேயின் தீர்ப்பாக எடுக்காதீர்கள். அடையாளம் உள்ளவர்கள் உயர்ந்தவர்கள் என்றால் குரோமர் யார்? இதை ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டும். எட்டாம் அத்தியாயத்தில் போரைப் புதுப் பிறப்பாகக் காட்டும் இடம்தான் எனக்கு நாவலின் பலவீனம். போரைக் கண்ட ஊரில் இருந்து வாசிக்கிறீர்கள். அந்தப் பக்கங்களோடு தாராளமாக வாதாடுங்கள். அதற்கென்று ஒரு சந்திப்பைத் தனியாக ஒதுக்குங்கள்.