குதிரையின் அருகில் மட்டும் மனம் அடங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. பள்ளி ஆசிரியை. கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு வந்த மனச்சோர்வுக்கு ஓராண்டாக மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கத்துக்கும் ஒரு மாத்திரை உண்டு. பேத்தியைக் குதிரையேற்றப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. சென்ற மாதம் ஒருநாள் பயிற்றுநர் என்னையும் உள்ளே அழைத்து, வயதான ஒரு பெண் குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுக்கச் சொன்னார். கால் மணி நேரம் நின்றிருப்பேன். அவ்வளவு நேரமும் மனத்தில் எதுவுமே ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அது வழக்கமான அழுகை இல்லை. நானும் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டால், "இந்த வயதில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளவா?" என்கிறான் மகன். குதிரையேற்றத்தால் மனத்துக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, அல்லது என் கற்பனையா? பழகிவிட்டால் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றும் வாரங்களில்தான் பலர் நிறுத்துகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அடங்கியிருந்த சோர்வும் திரும்பலாம். குறைக்கும் காலம் வரும்போது உங்கள் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். நடுவில் எப்போதாவது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே அவரிடம் பேசுங்கள்.

இனி, கற்பனையா என்ற கேள்வி. இல்லை. அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் உடலில் உண்மையிலேயே ஏதோ நடந்தது.

குதிரை வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த விலங்கு. தலையின் இரு பக்கங்களிலும் கண்கள். மூக்குக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் உள்ள சிறு இடங்களைத் தவிர, சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே அதற்குத் தெரியும். ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடும். அதன் பிறகுதான் திரும்பிப் பார்க்கும். கூட்டத்தில் ஒன்று விறைத்தால் மற்றவையும் விறைக்கும். பக்கத்தில் நிற்கும் உடல் எப்படி இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் பிழைப்பு. நீங்கள் அருகில் போனால் அந்தக் கவனம் உங்கள்மீதும் திரும்பிவிடுகிறது.

ஸ்வீடனில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். சிலரைக் குதிரையில் ஏறியும் குதிரையைக் கையில் பிடித்தும் ஒரே பாதையில் நான்கு முறை போகச் சொன்னார்கள். கடைசி முறைக்கு முன்னால், "இந்தத் தடவை நீங்கள் கடக்கும்போது ஒருவர் குடையை விரிப்பார்" என்று எச்சரித்தார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனால் விரிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பிலேயே மனிதர்களின் இதயம் வேகமெடுத்தது. கூடவே குதிரைகளின் இதயமும் வேகமெடுத்தது. குதிரைக்குக் குடையைப் பற்றி எதுவும் தெரியாது. அது அறிந்ததெல்லாம், பிடித்த கையிலும் அமர்ந்த இடுப்பிலும் வந்த மாற்றம் மட்டுமே.

உங்களுக்கு நடந்தது இதன் மறுபக்கம். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கும். மூச்சும் நிதானமானது. அப்படி ஒரு பெரிய உடலின் பக்கத்தில் நிற்பவர், அது மிரளக் கூடாதே என்பதற்காகத் தோளைத் தளர்த்துகிறார், கையை மெதுவாக நகர்த்துகிறார், மூச்சை நீளமாக விடுகிறார். இதையேதான் நாங்கள் மருத்துவ அறையில் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுகிறோம். "அமைதியாக மூச்சு விடுங்கள்" என்று சொன்ன மாத்திரத்தில் எத்தனை பேருக்கு மூச்சு இறுகிப்போகிறது! தனக்காகச் செய்ய முடியாததை, எதிரில் நிற்கும் உயிருக்காகச் செய்ய முடிகிறது. அதை எண்ணி நான் இன்றும் நெகிழ்வதுண்டு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றையும் நான் ஊகிக்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ஆண்டுகளாக உங்களைப் பார்ப்பவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள், இல்லையா? அன்பினால்தான் அப்படிப் பேசுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு பார்வையும் "கணவரை இழந்தவர்" என்பதை உங்களுக்கு நினைவூட்டிவிடுகிறது. அந்தக் குதிரை அப்படிப் பார்க்கவில்லை. அதன் கழுத்தில் பட்ட கை அமைதியானதா, பதறுகிறதா என்பது மட்டுமே அதற்கு வேண்டியிருந்தது. குதிரை உங்கள் துயரத்தைப் புரிந்துகொண்டது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். புரிந்துகொள்ளாமலே உடன் நிற்கும் ஓர் உயிர் கிடைத்ததில்தான் உங்களுக்கு ஆறுதல் இருந்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து அழுத அழுகை வேறுவிதமாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை. இறுகிய உடல் தளர்ந்த பிறகு வரும் அழுகை அது.

ஏறி அமர்ந்த பிறகு கிடைப்பது இன்னொரு வகை நன்மை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு உங்கள் இடுப்பை முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் அசைக்கிறது. நாம் நம் காலில் நடக்கும்போது இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதனால்தான் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான சிகிச்சையில் குதிரையின் நடையைப் பயன்படுத்துகிறார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1944இல் போலியோவால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டியிருந்த அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையின் நடையழகைச் சோதிக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் ஆண்களோடு மோதி வெள்ளிப் பதக்கம் வென்றார். மறுவாழ்வுக்காகக் குதிரையேற்றம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பரவ அந்த வெற்றி பெரிய தூண்டுதலாக இருந்தது.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் நான் குதிரையேற்றம் கற்கத் தொடங்கினேன். முதல் சில வாரங்கள் என் குதிரை நகரவே மறுத்தது. குதிகாலால் தட்டுவேன், இரண்டு அடி வைத்து நின்றுவிடும். பயிற்றுநர் அருகில் வந்து என் கையைப் பார்த்தார். "காலால் போ என்கிறீர்கள், கடிவாள வாரை இறுக்கிப் பிடித்து நில் என்கிறீர்கள். அது எதைக் கேட்கும்?" என்றார். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் வாரை இறுக்கியிருந்ததே எனக்குத் தெரியவில்லை. விரல்களைத் தளர்த்தினேன், குதிரை நடந்தது. பயம் போகவில்லை. பயத்தோடு இருந்தபடியே விரலைத் தளர்த்தலாம் என்பதை அன்று உடலால் கற்றேன். நீண்ட துயரத்தில் இருப்பவர்கள் என் எதிரே அமரும்போதெல்லாம் அந்த வார் நினைவுக்கு வருகிறது. வெளியே வர வேண்டும் என்று உந்திக்கொண்டே, வந்துவிட்டால் போனவரை மறந்ததாகிவிடுமோ என்று இறுக்கியும் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

மனச்சோர்வு ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது, "என்னால் ஒரு காரியம் ஆகும்" என்ற உணர்வை. அரை டன் எடையுள்ள ஓர் உயிர், நீங்கள் மூச்சை விட்டு இடுப்பை அழுத்தி அமர்ந்ததும் நிற்கிறது. பார்வையைத் திருப்பிய பக்கம் திரும்புகிறது. அந்த உணர்வு திரும்ப இதைவிடத் தெளிவான வழியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். இத்துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிலரை மட்டுமே வைத்து நடந்தவை. குதிரைமீது முன்பே விருப்பம் உள்ளவர்கள்தான் அவற்றில் அதிகம் சேர்கிறார்கள். ஆகவே இதை உங்கள் சிகிச்சைக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக அல்ல.

உங்கள் மகனின் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். குதிரையிலிருந்து விழுவது சின்ன விஷயம் அல்ல. தலையில் அடிபடலாம், எலும்பு முறியலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி இழப்பதால், ஏறுவதற்கு முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடர்த்தி மிகவும் குறைந்திருந்தாலோ, முதுகெலும்பில் கோளாறு இருந்தாலோ, வலிப்பு வருவதுண்டு என்றாலோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட்டாலோ, மருத்துவர் சம்மதம் இல்லாமல் ஏறக் கூடாது. குதிரையேற்றத்துக்கென்றே செய்த தலைக்கவசம் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும். லாயத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும்; கடைசியாக ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களை நான் தனியாக எச்சரிக்க விரும்புவது தூக்க மாத்திரையைப் பற்றி. சில மாத்திரைகளின் மந்தம் மறுநாள் காலை வரை நீடிக்கும். உடலின் சமநிலையும் சட்டென்று எதிர்வினை செய்யும் திறனும் குறைந்திருக்கும். பயிற்சி காலையில் என்றால், எந்த மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அநேகமாக மாலைப் பயிற்சியே உங்களுக்கு நல்லது.

பரிசோதனைகள் முடியும் வரை வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. தரையில் நின்று செய்யும் வேலையே நிறைய இருக்கிறது: பிடரியைச் சீவுவது, உடம்பைத் தேய்த்துவிடுவது, குளம்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் எடுப்பது, கயிற்றைப் பிடித்துக் கூடவே நடப்பது. இவற்றை ஏறுவதற்கான முன்னோட்டமாக மட்டும் நினைக்காதீர்கள்; உங்களுக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைத்தது தரையில் நின்றபோதுதான். ஏறவே முடியாமல் போனாலும் அது உங்களை விட்டுப் போகாது.

முதல் பயிற்சிக்கு மகனையும் கூட்டிச் செல்லுங்கள். எந்தக் குதிரை, அதற்கு என்ன வயது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பவர் யார் என்று அவரே பயிற்றுநரிடம் கேட்கட்டும். தந்தையை இழந்த பிள்ளை அவர். வாய்விட்டு அவர் சொல்லவில்லை, ஆனால் உங்களையும் இழந்துவிடக் கூடாது என்ற பதற்றம் "இடுப்பை உடைத்துக்கொள்ளவா?" என்ற அவருடைய கேள்விக்குள் இருக்கிறது. பயிற்றுநர் அனுமதித்தால், அந்த வயதான குதிரையின் கழுத்தில் அவரும் ஒருமுறை கை வைக்கட்டும்.