திட்டம் போட்டுக் கிளம்பினால் அது எப்படிச் சாகசப் பயணம் ஆகும்?

கேள்வியைப் பார்த்ததும் என் மச்சினன்தான் வேறு பெயரில் கேட்டிருக்கிறானோ என்று நினைத்தேன். அவனுக்கும் இதே வாதம்தான். நீங்கள் அவனில்லை என்றால், அநேகமாகக் கூட்டாளிகளோடு ஏதோ மலைக்குக் கிளம்புகிறீர்கள்; அதில் ஒருவர் பட்டியலும் கையுமாக உங்கள் உயிரை வாங்குகிறார். நான் அந்த ஒருவரின் கட்சி.

மதுரை செல்லூரில் எனக்குப் பந்தல் தொழில். எத்தனை சவுக்குக் கம்பு, எவ்வளவு கயிறு என்று நோட்டில் எழுதித்தான் லோடு ஏற்றுவேன். திருமங்கலம் தாண்டிய பிறகு நாலு கம்பு குறைகிறது என்று தெரிந்தால், திரும்பி வந்து எடுக்க முகூர்த்தம் காத்திருக்காது. அந்தப் பழக்கம் மலைக்கும் வந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஓர் ஐப்பசிப் பௌர்ணமிக்கு ஐந்து பேர் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போனோம். (சாமி கும்பிடப் போவதைச் சாகசம் என்று சொல்லலாமா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை அடிவாரத்துத் தாணிப்பாறையிலிருந்து ஏறிவிட்டு வரட்டும், பேசலாம்.) காலை 6 மணிக்கு நடக்க ஆரம்பிப்பது, எது எப்படியானாலும் மதியம் 1 மணிக்குக் கோயிலை விட்டு இறங்குவது என்று எழுதியிருந்தேன். மாங்கேணி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று அந்தப் பாதையில் தண்ணீரைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் கணுக்கால் நனைகிற ஓடை, மேலே ஒரு மணி நேரம் மழை அடித்தால் ஆளை இழுத்துவிடும். நாம் நிற்கிற இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழுந்திருக்காது.

“மாமா, மலைக்குப் போறீங்களா, கல்யாண வீட்டுக்கு லோடு ஏத்துறீங்களா?” என்றான் மச்சினன். எல்லாரும் சிரித்தார்கள்.

சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டு முடிக்கும்போது மணி 1. சந்தன மகாலிங்கத்தையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போகலாம் என்றான் மச்சினன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நோட்டைக் காட்டினேன். வயிறு நிறைந்து, காற்று சிலுசிலுவென்று அடிக்கும்போது நோட்டை யார் மதிப்பார்? எனக்கே படுக்கத்தான் ஆசை. அதற்குத்தான் கீழே இருக்கும்போதே எழுதி வைப்பது. மேலே போனபின் நம் புத்தி நம் பேச்சைக் கேட்காது. வாய்த்தகராறாகி இரண்டு பேர் என்னோடு இறங்கினார்கள். அவனும் இன்னொருவரும் தங்கிவிட்டார்கள்.

மாங்கேணி ஓடையை நாங்கள் முழங்கால் தண்ணீரில் தாண்டினோம். பின்னால் வந்த அவர்களால் தாண்ட முடியவில்லை. நனைந்த துணியோடு இரவு முழுக்க அக்கரையில் பாறை மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

என் திட்டம்தான் ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு டார்ச்சும் என் பையில் இருந்தன. காலையில் தண்ணீர் வடிந்து வந்தவன் கேட்ட முதல் கேள்வி, “டார்ச் எங்க மாமா?”

ஐந்து பேரும் சேர்ந்தே இருப்போம், எல்லாரும் நோட்டைக் கேட்பார்கள் என்று நினைத்து எழுதிய திட்டம் அது. தென் துருவத்துக்கு முதலில் போன அமுன்சென் கதையைப் பிற்பாடு படித்தபோதுதான் இது உறைத்தது. தெற்கு அட்சரேகை 80 டிகிரியில் அவர் உணவுக் கிடங்கு வைத்தார். திரும்பி வரும்போது வழி பிசகும் என்று முன்கூட்டியே எண்ணி, கிடங்குக்கு இரு பக்கமும் சுமார் 900 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பத்துக் கொடி நட்டார். எந்தக் கொடி கண்ணில் பட்டாலும் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரிய அதில் எண்ணும் போட்டார். அவரோடு போட்டி போட்டு அதே துருவத்துக்குப் போன ஸ்காட்டும் திட்டம் போட்டவர்தான். குதிரைகள் தளர்ந்துபோனதால் பெரிய கிடங்கை 80 டிகிரிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னாலேயே வைத்துவிட்டார். 1912 மார்ச்சில் அந்தக் கிடங்குக்குச் சுமார் 20 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது, அவரும் கூட இருந்த இருவரும் பனிப்புயலில் மாட்டி இறந்தார்கள். கம்பு கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

எந்த மாதத்தில் போகக் கூடாது என்பதும் திட்டத்தில் சேர்த்திதான். 2018 மார்ச் 11 அன்று தேனிப் பக்கம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பிடித்த தீ, மலையேறப் போன 23 பேரைக் கொண்டுபோனது. தீக்காயத்தோடு பலரை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் கொண்டுவந்தார்கள். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. தீ சரிவில் மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்று மலையடிவார ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பங்குனியில் புல்மேட்டுப் பக்கம் கால் வைக்க மாட்டீர்கள்.

இப்போதெல்லாம் ஆளுக்கொரு டார்ச் கையில் கொடுத்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். இருந்தாலும் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் மச்சினன் அந்த டார்ச் கதையைச் சொல்லாமல் பந்தியில் உட்கார மாட்டான். 1 மணிக்கே இறங்கச் சொன்னேன் என்பது மட்டும் அதில் வராது. அவன் வீடு குடிபுகுந்ததற்கு நான் போட்ட பந்தலில் 4,000 ரூபாய் பாக்கி நிற்கிறதே, அதுவும் வராது. அது நோட்டில் இருக்கிறது.