திராட்சைத் தோட்டத்தில் குடும்பம் என்பது யார்?

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் வைன் தோட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1756 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்று மீர்லஸ்ட் தோட்டத்தை வியந்திருந்தீர்கள். நம் ஆட்கள் 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இங்கே கரும்பு வெட்டியவர்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களின் மதுவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தம்பி,

சம்பந்தம் இருக்கிறது. அதுவும் ட்ரூரோவுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது.

ஸ்டெல்லன்போஷ் இருக்கும் கேப் பகுதியில் முதன்முதலாக வைன் பிழிந்தது 1659 பிப்ரவரியில். அதன்பின் பெருகிய தோட்டங்களில் உழைக்க அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள்: மடகாஸ்கர், ஜாவா, வங்காளம், மலபார், அப்புறம் நம் சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்களுக்குக் கோட்டை இருந்த காலம் அது. ‘வான் கோரமண்டல்’, அதாவது சோழமண்டலத்திலிருந்து வந்தவர், என்று முடியும் பெயர்கள் கேப் பதிவேடுகளில் இருக்கின்றன.

1724இல், கணவர் ஓலோஃப் பெர்க் இறந்தபின், க்ரூட் கான்ஸ்டான்ஷியா தோட்டம் அன்னா டி கோனிங் என்ற பெண்ணின் கைக்கு வந்தது. அவருடைய அம்மா ஆஞ்சலா வங்காளத்திலிருந்து வந்த அடிமை. (உடனே பெருமைப்பட்டுவிடாதீர்கள், அன்னா காலத்திலும் அங்கே உழைத்தவர்கள் அடிமைகள்தான்.)

மீர்லஸ்டை வியந்தேன், இப்போதும் வியக்கிறேன். 1886இல் கேப்புக்குள் நுழைந்த ஃபிலாக்ஸெரா பூச்சி கொடிகளை வேரோடு அரித்தது. அதையும் தாண்டி ஒரு தோட்டத்தை எட்டுத் தலைமுறை கைநழுவவிடாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனால் பட்டுப்போன கொடிகளைப் பிடுங்கி, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை ஏக்கர் ஏக்கராக நட்ட கைகள் யாருடையவை? குடும்பத் தோட்டம் என்கிற இடங்களில் பெரும்பாலும் இரண்டு விதக் குடும்பங்கள் உண்டு. ஒன்றின் பெயர் பாட்டிலில் இருக்கும். இன்னொன்று பின்னால் வரிசை வீட்டில் இருக்கும், அதுவும் தலைமுறை தலைமுறையாக.

அந்த இரண்டாவது குடும்பத்துக்குக் கூலியில் ஒரு பங்கை வைனாகவே ஊற்றினார்கள். ‘டோப்’ முறை என்பார்கள். 1960களில் சட்டம் தடுத்தபிறகும் அது பல வருடம் ஓடியது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமான இடங்களில் இந்தத் தோட்டங்கள் இருக்கும் மேற்கு கேப் மாகாணமும் ஒன்று. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலைமைக்கு 1997இல் வந்த சட்டம் ஓரளவு கடிவாளம் போட்டது. ஓரளவுதான். உங்கள் தாத்தாக்கள் கரும்புத் தோட்டத்தில் பார்த்த கதையிலிருந்து இது அவ்வளவு தூரமா, தம்பி?

வெள்ளைக்காரக் குடும்பங்கள் என்றீர்கள். நிட்சிகி பியேலா உங்கள் மாகாணத்துக்காரர், க்வாஸூலு-நட்டால் கிராமத்து ஜூலுப் பெண். உதவித்தொகையில் ஸ்டெல்லன்போஷ் வந்து படித்து, 2004இல் ஒரு தோட்டத்தில் வைன் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். இப்போது சொந்தமாக அஸ்லினா என்ற பெயரில் வைன் செய்கிறார். அஸ்லினா அவரை வளர்த்த பாட்டியின் பெயர்.

ஒருமுறை வந்து பாருங்கள். பிப்ரவரி அறுவடைக் கூட்டத்தில் வேண்டாம், ஜூலைக் குளிரில், கவாத்து வெட்டும்போது வாருங்கள். எந்தக் கணுவை விடுவது, எதை வெட்டுவது என்பதில்தான் அடுத்த வருட விளைச்சல் இருக்கிறது. அதைக் கத்தரியோடு நிற்பவர்களிடமே கேளுங்கள், அப்பன் காலத்திலிருந்து சொல்வார்கள். குடிக்க வேண்டாம், திராட்சைச் சாறும் கிடைக்கும்.

அன்புடன்,
அக்கா