ஜெர்மனியில் வீட்டுச் சாப்பாடு என்றாலே ரொட்டியும் சாசேஜும்தானா?

"ரொட்டி, சாசேஜ், உருளைக்கிழங்கு தவிர அவர்களுக்கு வேறு ஏதாவது சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள், வீட்டில் பொடி வகைகளை அரைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூரில் வருஷக்கணக்காகக் குடியிருக்கிறேன். என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போட்ட மனிதர்களைப் பற்றி இப்படி ஒரு கேள்வி வந்தால் பேசாமல் போக மனசு வரவில்லை.

சாயங்காலம் ஒரு ஜெர்மன் வீட்டுக்குப் போனால் மேஜையில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய், அவ்வளவுதான் இருக்கும். ஆபெண்ட்ப்ரோட் என்பார்கள். பழைய வழக்கப்படி சூடான சாப்பாடு மதியத்துக்குத்தான். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் பார்த்தவர்கள் ஊருக்குப் போய் "அவங்க அடுப்பே பத்தவைக்க மாட்டாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். சனிக்கிழமைகளில் மாடிப்படி வரைக்கும் பருப்பு வேகும் வாசனை வரும். ஆமாம், பருப்புதான். லின்சன் மிட் ஷ்பெட்ஸ்லே என்பது இந்த ஷ்வாபென் பகுதியின் தலைசிறந்த வீட்டுச் சாப்பாடு. லின்சன் என்பது நம் மைசூர் பருப்பின் இனம்தான், தோலோடு முழுசாகப் போடுவார்கள். ஷ்பெட்ஸ்லே என்பது முட்டை சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு இழைகளாக வேகவைப்பது. என்ன வாசனை என்று நான் கேட்டதற்கு, "உள்ளே வாங்க, கையைக் கழுவுங்க" என்றார்.

மாவு, முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது அவர் கணக்கு. மாவு குமிழ் விடும்வரை மரக்கரண்டியால் அடித்தார். கைப்பிடி வைத்த சின்னப் பலகையைத் தண்ணீரில் நனைத்து, அதில் கொஞ்சம் மாவைத் தடவி, ஓரத்திலிருந்து கத்தியால் மெல்லிசாக வழித்து வழித்துக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் தள்ளினார். விழுந்ததும் அடியில் போகும், கொஞ்ச நேரத்தில் மிதந்து மேலே வரும். வந்த உடனே ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட வேண்டும். பிழிந்துவிட உரல் மாதிரி ஒரு சாமானும் கடையில் விற்கிறது. அவர் அதைத் தொடுவதில்லை.

பருப்பில் கேரட், வெங்காயம், செலரிக் கிழங்கு சேர்த்தார். வெண்ணெயில் மாவைச் சிவக்க வறுத்துக் கரைத்துவிட்டு, இறக்கும் முன்பு வினிகர். "வேகுறதுக்கு முன்னாடி ஊத்தினா பருப்பு வேகாது" என்றார். நாம் சாம்பாருக்குப் பருப்பு வெந்த பிறகு புளிக்கரைசல் விடுகிறோமே, அதே காரணம்தான். கூட ஒரு ஜோடி சாசேஜ் வைப்பது வழக்கம். முட்டை சாப்பிடுகிற சைவக்காரர்கள் அதை விட்டுவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம். பல வீடுகளில் பன்றி இறைச்சித் துண்டும் பருப்போடு வேகும், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பருப்பு வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஷ்வேபிஷ் ஆல்ப் என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தில் ஒரு காலத்தில் இது விளைந்தது. செடி தானாக நிற்காமல் சாய்ந்துவிடும் என்பதால் வாற்கோதுமையோ ஓட்ஸோ கூடவே விதைப்பார்கள். பாடு அதிகம், விளைச்சல் கம்மி என்று போன நூற்றாண்டின் நடுவில் கைவிட்டார்கள், விதையும் தொலைந்தது. 1980களில் லவுட்டராக் கிராமத்து விவசாயி வோல்டெமார் மம்மெல் மறுபடி பயிரிட ஆரம்பித்தார். தொலைந்த உள்ளூர் ரகங்கள் 2006இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், வாவிலோவ் விதை வங்கியில் கிடைத்தன. கையளவு விதையைப் பெருக்கி இன்று ஆல்ப்லைசா என்ற பெயரில் விற்கிறார்கள். தன் ஊர்ப் பருப்பை இன்னொரு நாட்டில் தேடிக் கொண்டுவந்தவர்களைச் சாப்பாட்டு அக்கறை இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

ரொட்டியையும் மட்டம் தட்டாதீர்கள். இங்கே ரொட்டிக்குப் போடும் ரை என்கிற தானியத்தின் மாவு புளிக்காமல் ரொட்டியாக நிற்காது. மாவிலுள்ள நொதி மாச்சத்தைக் கரைத்து உள்ளே பிசுபிசுவென்று ஆக்கிவிடும், அதைக் கட்டுப்படுத்துவது புளிப்புதான். வெஸ்ட்பாலியா பகுதியின் பும்பர்நிக்கல் என்கிற கறுப்பு ரை ரொட்டி குறைந்தது 16 மணி நேரம் அடுப்பில் இருக்க வேண்டும். டிசம்பர் வந்தால் லேப்கூகன் என்கிற கிறிஸ்துமஸ் மசாலா கேக்கில் கிராம்பு, ஏலக்காய், பட்டை, கொத்தமல்லி எல்லாம் மணக்கும்.

"வெளிநாடு போனதும் நம்ம சாப்பாட்டை மறந்துட்டான்" என்று கமெண்டில் யாராவது வரக்கூடும். என் வீட்டில் சாம்பார் இல்லாத வாரம் கிடையாது. எல்லா ஜெர்மன் வீடுகளிலும் இப்படிச் சமைக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஃப்ரோசன் பீட்சாவிலேயே வாரத்தை ஓட்டுகிறவர்கள் இங்கேயும் உண்டு.

ஆனால் இந்த ஊரில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு, அது வாடகை வீடு. பல வீடுகளைச் சமையலறைச் சாமான் எதுவும் இல்லாமலே வாடகைக்கு விடுகிறார்கள். அடுப்பு, அலமாரி மட்டுமல்ல, பாத்திரம் கழுவுகிற தொட்டிகூட இருக்காது. சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முந்தைய வாடகைக்காரர் தன் பழைய அலமாரியை என் தலையில் கட்டப் பார்த்த விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வேண்டாம் என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு குடும்பம் முதல் நாள் கஞ்சி வைக்கக்கூட வழியில்லாத அறைக்கு முழு வாடகை வாங்குவது எந்த ஊர் நியாயம்? வீடு பார்க்கும்போது ஐன்பவ்க்யூஹ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் சமையலறை பொருத்தியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடுங்கள்.

பெட்டியில் குக்கர் வையுங்கள். பருப்பு இங்கே கிடைக்கும், வினிகரைக் கடைசியில் விடுங்கள்.