லெட்லி கிங்கைச் சாக்குச் சொல்லும் மகன்

கேள்வி: பள்ளி கால்பந்து அணியில் டிஃபெண்டராக ஆடும் என் மகனுக்கு 16 வயது. முழங்கால் வலி என்று பயிற்சிக்கு மட்டம் போடுகிறான். மேட்ச் என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறான். கேட்டால், "இங்கிலாந்து டிஃபெண்டர் லெட்லி கிங் பயிற்சியே எடுக்காமல்தான் ஆடினார்" என்கிறான். உண்மையா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: பையன் விவரமானவன்தான்! ஆனால் அவன் சொன்னது பாதிக் கதை.

லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் கேப்டன் கிங், கடைசிச் சில ஆண்டுகளில் சக வீரர்களோடு மைதானத்தில் பயிற்சி எடுத்தது அபூர்வம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோனதால், ஓர் ஆட்டம் முடிந்தாலே கால் வீங்கிவிடும். பிறகு நீச்சல் குளம், ஜிம் என்று வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினால்தான் அடுத்த ஆட்டம். சும்மா வீட்டில் படுத்திருந்துவிட்டு மேட்சுக்கு வந்தவர் இல்லை. கிளப்பின் மருத்துவக் குழு வேறு கூடவே இருந்தது. உங்கள் மகனுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. பதின்ம வயதிலேயே டாட்டன்ஹாமில் சேர்ந்து ஆட்டம் கற்றவர் அவர். முதல் அணிக்கு 1999-இல் வந்தார். 2006 நவம்பரில் செல்சி கிளப்போடு நடந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் இருவரும் சேர்ந்து பாருங்கள். செல்சியின் வேகக்கார வீரர் ஆர்யென் ராபன் பந்தோடு கோலை நோக்கித் தனியாகப் பறக்கிறார். அந்தக் காலத்தில் அவரைத் துரத்திப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? கிங் பின்னாலேயே ஓடிவந்து, ஃபவுல் இல்லாமல் பந்தை மட்டும் தட்டிவிடுகிறார். எப்போது காலை நீட்டுவது என்ற அந்தக் கணக்கு சிறு வயதிலிருந்து ஆடி ஆடி வந்தது. முழங்கால் கைவிட்ட பிறகும் அவரைக் காப்பாற்றியது அதுதான். உங்கள் மகன் இப்போதுதான் அதைச் சேர்க்க வேண்டிய வயதில் இருக்கிறான்.

அப்புறம், அவர் இழந்ததையும் சொல்லுங்கள். 2008-இல் லீக் கோப்பையைக் கையில் ஏந்தினார், சரி. ஆனால் 2010 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார். இங்கிலாந்துக்காக மொத்தம் 21 ஆட்டங்கள்தான். 2012-இல் ஓய்வு பெற்றபோது வயது 31. அவ்வளவு திறமைக்கு இது குறைவு என்பது என் எண்ணம்.

முதலில் மகனை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் முழங்கால் வலி சாதாரணமாக வருவதுதான், ஆனாலும் வலியை அடக்கிக்கொண்டு ஆடுவது ஆபத்து. அவர் சரி என்று சொல்லும்வரை பயிற்சியும் வேண்டாம், மேட்சும் வேண்டாம். பயிற்சியாளரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். மேட்ச் கிடையாது என்றதும் வலி காணாமல் போனால், மறுநாள் காலையே பயிற்சிக்கு அனுப்பிவிடலாம்.